மக்காச்சோளச் சீமையின் கருப்பு ஆடுகள்

தை பிறந்துவிட்டால் பெரம்பலூர் மாவட்டத்துக் கிராமச் சாலைகளில் ஒரு பாதி மஞ்சளாகிவிடும். அடித்தெடுத்த மக்காச்சோளத்தைத் தார்ச்சாலையின் ஓரமாக நீளப் பரப்பி, வண்டி ஏறாமலிருக்கக் கல் அடுக்கி வைத்திருப்பார்கள். பேருந்து மறுபாதியில் ஒதுங்கிப் போகும். காய்ந்த மணியைச் சாக்கில் பிடித்து லாரியில் ஏற்றினால், அது நாமக்கல் முட்டைப் பண்ணைகளுக்கும் பல்லடத்துக் கறிக்கோழிப் பண்ணைகளுக்கும் தீவனமாகப் போய்ச் சேர்கிறது. மணி போய்விடுகிறது, தட்டை இங்கேயே நிற்கிறது. அந்தத் தட்டையையும் பருத்திக்காட்டுச் சருகையும் தின்று கறியாக்கும் ஒரு செம்மறியாடு இந்த மண்ணில் உண்டு. உடல் முழுக்கக் கருப்பு. அதைப் பார்க்கத்தான் புறப்பட்டேன்.

ஆவணங்களில் அதன் பெயர் திருச்சி கருப்பு. பெரம்பலூர் 1995 வரை திருச்சி மாவட்டத்துக்குள் இருந்தது. அரியலூர் 2001இல் தனியாகி, மறுபடி பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டு, 2007 நவம்பரில் தனி மாவட்டமாக நிலைத்தது. ஆட்டின் பெயர் மட்டும் பழைய மாவட்டத்தோடு நின்றுவிட்டது. வளர்ப்பவர்கள் வாயில் அது கருங்குறும்பை. கிடாவுக்குக் கொம்பு உண்டு, பெட்டைக்குக் கிடையாது. காது சிறிது, வால் சிறிது. மயிர் முரடு, கம்பளி நெய்யத்தான் உதவும். வளர்ந்த கிடாவே ஏறத்தாழ 25 கிலோதான், பெட்டை அதற்கும் குறைவு. சேலத்து மேச்சேரி ஆட்டின் பக்கத்தில் நிறுத்தினால் இது சிறுத்துத் தெரியும்.

ஆட்டைத் தேடி வந்தவனுக்கு முதல் பாடம் ஒரு கோழியிடம் கிடைத்தது. பச்சைமலை அடிவாரத்தில் லாடபுரம் பக்கம் ஒரு வீட்டில் விருந்தாளிக்காக நாட்டுக்கோழி அடித்திருந்தார்கள். இறகு பறித்து, மஞ்சள் தடவி, வைக்கோல் தீயில் வாட்டிக்கொண்டிருந்தார் அந்த வீட்டு அம்மா. தடவுவதற்கு முன்பே அதன் தோலும் காலும் இளமஞ்சளாக இருந்ததைக் கவனித்தேன். “களத்துல கொட்டிக் கெடக்குற சோளத்தைத் தின்னே பெருத்ததுங்க சார். அதான் இந்த நெறம்” என்றார்.

அவர் சொன்னது சரி, ஆனால் அது பாதிக் கதை. கோழியின் உடம்பால் மஞ்சள் நிறமியை உண்டாக்கிக்கொள்ள முடியாது. தின்றுதான் சேர்க்க வேண்டும். மக்காச்சோள மணியில் அந்த நிறமி நிறைய இருக்கிறது. நாமக்கல் முட்டையின் மஞ்சள் கருவுக்கும் நிறம் கொடுப்பதில் அதற்குப் பங்கு உண்டு. தின்ற நிறமி தோலில் தங்குமா, அங்கேயே சிதைந்துபோகுமா என்பதைத் தீர்மானிப்பது கோழியின் மரபணு. நிறமியை உடைக்கும் நொதி ஒன்று தோலில் வேலை செய்தால் தோல் வெள்ளை. அது அடங்கிக் கிடந்தால் மஞ்சள். சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் இந்த மஞ்சள் தோல் மரபணு எங்கிருந்து வந்தது என்று தேடினார்கள். வீட்டுக்கோழியின் மூதாதை என்று உலகம் நம்பிவந்த சிவப்புக் காட்டுக்கோழியில் அது இல்லை. தீபகற்ப இந்தியாவின் மலைக்காடுகளில் கூவும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து அது வந்திருந்தது. நம் காட்டுச் சேவல் ஒன்று எந்தக் காலத்திலோ ஊருக்குள் இறங்கிக் கலந்த கலப்பு, இன்று உலகம் முழுவதும் மஞ்சள் தோலுள்ள கோழிகளில் ஓடுகிறது. ஆக, அடுப்பில் வாடிக்கொண்டிருந்த கோழியின் நிறத்துக்கு மலையும் களமும் இரண்டும் வேண்டியிருந்தன. தீனி இல்லாமல் மரபு நிறம் காட்டாது. மரபு இடம் கொடுக்காமல் தீனியும் நிறம் ஏற்றாது.

இதே மக்காச்சோளம் பண்ணைக் கொட்டகைக்குள் போனால் வேறு கதை. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957ஆம் ஆண்டின் கோழி வழியையும் 1978ஆம் ஆண்டின் வழியையும் கலப்பில்லாமல் காப்பாற்றி வைத்திருந்தார்கள். அவற்றோடு 2005ஆம் ஆண்டின் கறிக்கோழி இனத்தையும் சேர்த்து, மூன்றுக்கும் ஒரே தீவனம் கொடுத்து 56 நாள் வளர்த்தார்கள். 2014இல் வெளியான முடிவு இது: 1957ஆம் ஆண்டுக் கோழி 905 கிராம், 1978ஆம் ஆண்டுக் கோழி 1,808 கிராம், 2005ஆம் ஆண்டுக் கோழி 4,202 கிராம். கறிக்கோழிக்கு ஊசி போட்டுத்தான் ஊத வைக்கிறார்கள் என்று நம் ஊரில் இன்றைக்கும் பேசுகிறோம். ஊசி தேவைப்படவில்லை. கொழுத்ததை எடுத்துக் கொழுத்ததோடு சேர்த்து, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தே இவ்வளவு தூரம் வந்துவிட்டார்கள். அந்த வேகத்துக்கு விலையும் உண்டு. இப்போதைய கறிக்கோழிகளில் ஒரு பகுதிக்கு நெஞ்சுத் தசை கட்டையாக இறுகிப்போகிறது. உலகம் முழுவதும் இறைச்சிக்கூடங்களுக்கு இது தலைவலி. ஆறு வாரத்தில் வெட்டப்படும் பறவையின் தசையில் இணைப்புத்திசு முதிர நேரமில்லை, அதனால் கறி கரண்டி பட்டாலே பிய்கிறது. ஐந்தாறு மாதம் குப்பை கிளறிய கோழிக்கு அந்தத் திசு முறுக்கேறியிருக்கிறது. குழம்பில் நேரம் பிடிக்கிறது, சாறு மட்டும் கெட்டியாக இறங்குகிறது.

கோழிக்கு இவ்வளவு நேரடியாகக் கணக்குப் போடலாம். ஆட்டுக்கு முடியாது. ஆட்டுக்கும் அதன் தீனிக்கும் நடுவே மூன்றாவது ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கிறது.

அந்தக் கூட்டத்தின் வேலையைச் செட்டிக்குளம் பக்கம் கண்ணால் பார்த்தேன். சின்ன வெங்காயத்துக்குப் பேர்போன பூமி அது. வெங்காயக் காட்டுக்கு அப்பால், அறுத்து முடிந்த மக்காச்சோளக் காட்டில் கிடை போட்டிருந்தார்கள். இரவு முழுக்க ஆடுகள் அங்கே அடைந்தால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். காட்டுக்காரர் அதற்குக் காசோ தானியமோ கொடுப்பார். வெயில் ஏறும் நேரம். படல் திறந்திருந்தது, ஆடுகள் காட்டில் இல்லை. அரை மைல் தள்ளிக் கரட்டில் மேய்ந்துகொண்டிருந்தன.

“காட்டுலயே இவ்வளவு தீனி கெடக்கே, ஏன் ஐயா அங்க ஓட்டினீங்க?” என்று கிடைக்காரப் பெரியவரிடம் கேட்டேன்.

“உதுந்த கதிரு கெடக்குது தம்பி. வெறும் வயித்தோட உள்ள வுட்டா மணியாப் பொறுக்கித் தின்னுட்டு வயிறு ஊதிச் செத்துரும். மொதல்ல புல்லு மேஞ்சு அரை வயிறு ரொம்பட்டும். அப்புறம் கொஞ்ச நேரம் வுடுவேன். நாளைக்கு இன்னுங் கொஞ்ச நேரம்.”

கால்நடை மருத்துவப் படிப்பில் பல பக்கங்களுக்கு விரியும் விஷயத்தை அவர் தம் ஓட்டத்தில் வைத்திருக்கிறார். ஆட்டின் வயிறு நான்கு அறை. முதல் அறையான ரூமனில் செரிமானச் சாறு எதுவும் சுரப்பதில்லை. அது 39 டிகிரி சூட்டில், காற்றுப்படாமல், ஓயாமல் குலுங்கிக்கொண்டே இருக்கும் ஒரு புளிக்கும் பானை. இட்லி மாவு இரவில் பொங்குவதுபோல அங்கே தீனி பொங்குகிறது. அதன் நீரில் ஒரு மில்லிலிட்டரில் ஆயிரம் கோடி பாக்டீரியாக்கள்கூட இருக்கும். நாரை உடைப்பவை அவைதாம், ஆடு அல்ல. அவை கழிக்கும் அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் அமிலங்களை ஆடு உறிஞ்சிக்கொள்கிறது. அதன் சக்தியில் ஏறத்தாழ 70 சதவீதம் இப்படித்தான் கிடைக்கிறது. பிறகு அந்தப் பாக்டீரியாக்களே அடுத்த அறைகளுக்கு அடித்துச் செல்லப்பட்டுச் செரிக்கப்பட்டு, ஆட்டுக்குப் புரதமாகின்றன. தட்டை கறியாவது இந்த வழியில்.

நாரைத் தின்னும் பாக்டீரியாக்கள் மெதுவானவை. மாவுச்சத்தைத் தின்பவை வேகமானவை. வெறும் வயிற்றில் மணி நிறைய விழுந்தால் வேகக்கூட்டம் ஒரே இரவில் பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகிறது. அமில அளவைக் காட்டும் பிஎச் 6, 7 என்று இருந்த இடத்தில் 5.5க்குக் கீழே சரிகிறது. நார்க்கூட்டம் மடிகிறது, வயிறு அசைவதை நிறுத்துகிறது, ஆடு படுத்துவிடுகிறது. மாவு குடலுக்கும் வழிந்துவிட்டால் அங்கே காத்திருக்கும் கிருமி நஞ்சு கக்குகிறது. அதுதான் துள்ளுமாரி நோய். கூட்டத்திலேயே கொழுகொழுவென்று இருக்கும் குட்டிதான் முதலில் துள்ளி விழும். மழைக்காலத்துக்கு முன்பே அதற்குத் தடுப்பூசி போட்டுவிட வேண்டும். பெரியவர் செய்வது தடுப்பூசிக்கும் முந்திய காவல்: தினம் கொஞ்சம் கூட்டிக் கொடுத்து, வயிற்றுக் கூட்டம் பழகிக்கொள்ள அவகாசம் கொடுக்கிறார்.

வெங்காயக் கழிவும் அப்படித்தான். தாளும் சொத்தையும் வரப்போரம் குவிந்து கிடந்தன. மாடு அதை அதிகம் தின்றால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து மூத்திரம் கருத்துச் சோகை பிடிக்கும். செம்மறியும் வெள்ளாடும் மாட்டைவிட நன்றாகத் தாங்கும். வெங்காயத்துக் கந்தகப் பொருளைச் சமாளிக்க அவற்றின் ரூமன் கூட்டம் சீக்கிரம் பழகிவிடுகிறது. ஒரே கழிவு, ஒரே ஊர், வயிற்றுக்கு வயிறு வேறு.

இந்தக் கூட்டம் கறியையும் ஆள்கிறது. செடிகொடியில் இருக்கும் கொழுப்பு பெரும்பாலும் நிறைவுறாதது, எண்ணெயாக ஓடுவது. ரூமன் பாக்டீரியாக்களுக்கு அது ஆகாது. ஹைட்ரஜனை ஏற்றி அதைக் கெட்டிக் கொழுப்பாக மாற்றிவிடுகின்றன. ஆட்டுக்கறிக் குழம்பு ஆறியதும் மேலே வெள்ளையாக உறைவது இதனால்தான். கோழிக்கோ பன்றிக்கோ இப்படி இடையில் நிற்க யாருமில்லை. தின்ற எண்ணெயின் சாயல் கொழுப்பில் அப்படியே இறங்கும். பால்குட்டிக்கு ரூமன் இன்னும் விழித்திருக்காது. குடிக்கும் பால் அதைத் தாண்டி நேரே நான்காவது அறைக்குப் போய்விடும். இளங்குட்டிக் கறியின் மென்மைக்கு வயதோடு இதுவும் ஒரு காரணம்.

மேய்ச்சல் ஆட்டின் கறியில் வீசும் தனி வாடைக்கும் வழி இதே வயிற்றில் தொடங்குகிறது. பசும்புல்லின் புரதம் ரூமனில் உடையும்போது ஸ்கேட்டோல் என்ற பொருள் பிறந்து கொழுப்பில் தங்குகிறது. கிடா வாடை என்கிறோமே, அது வேறு: கிளைத்த கொழுப்பு அமிலங்கள் சில, மிகச் சிறிய அளவிலேயே மூக்குக்கு எட்டுபவை. வயதான கிடாவில் அவை ஏறும், காயடித்த கிடாவில் குறையும். தானியம் மிகுந்த தீனியிலும் ஏறும் என்பதுதான் பலருக்கு வியப்பாக இருக்கும். கொழுக்க வைத்தால் வாடை போய்விடும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பெரியவரின் கூட்டத்தில் எல்லாம் கருப்பாக இல்லை. சிவப்பு ஓடியவை, வெள்ளைத் திட்டு விழுந்தவை, கால் நீண்டவை என்று கலந்து நின்றன. சந்தையில் உயிர் எடைக்கு விலை. கனத்த கிடாவைக் கூட்டத்தில் விட்டால் குட்டிக்கு எடை கூடும் என்று வெளியூர் இனங்களைக் கலக்கிறார்கள். குட்டிக்கு எடை கூடத்தான் செய்கிறது. தீனி இருக்கும் மாதங்களில்.

சித்திரை, வைகாசியில்தான் வயிற்றின் மரபு தெரியும். தட்டை தீர்ந்துவிடும், கரட்டில் கொழுக்கட்டைப்புல் காய்ந்து குச்சியாகிவிடும், கருவேல நெற்றும் சருகும்தான் மிச்சம். இந்த மாதிரி வறண்ட தீனியில் ஓர் இனத்துக்கும் இன்னோர் இனத்துக்கும் செரிமானமே மாறுமா? மாறும் என்று இஸ்ரேல் ஆய்வாளர் நிசிம் சிலனிகோவே 1980களில் காட்டினார். பாலைவனத்துப் பெதூயின் மக்கள் வளர்க்கும் சிறிய கருப்பு வெள்ளாட்டையும், பாலுக்குப் பெயர்போன சுவிட்சர்லாந்து சானென் ஆட்டையும் ஒரே மட்டமான தீனியில் கட்டினார். கருப்பு ஆடு நாரை அதிகமாகச் செரித்தது. மூத்திரத்தில் போக வேண்டிய யூரியாவை இரத்தத்திலிருந்தும் எச்சிலிலிருந்தும் மறுபடி ரூமனுக்குள் விட்டு, பாக்டீரியாக்களுக்கு உணவாக்கிப் புரதம் சேர்த்துக்கொண்டது. நியூசிலாந்தில் வேறு நோக்கத்தோடு செம்மறிகளைத் தேர்ந்தெடுத்தார்கள்: மீத்தேன் குறைவாக விடும் ஆடுகள். தலைமுறைகள் கழித்துப் பார்த்தால் அவற்றின் ரூமன் சிறுத்திருந்தது, தீனி வேகமாகக் கடந்து போனது. வயிற்றின் அளவும் அதில் குடியிருப்போரின் போக்கும் தாய் தகப்பன் வழியாக இறங்குகின்றன என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டாம்.

கருங்குறும்பையின் குடலும் இந்தக் கரிசலின் கோடைகளால் வடிகட்டப்பட்டது என்றே நான் நினைக்கிறேன். கனத்த இனத்தின் குட்டி இங்கே கனமாக நிற்க வேண்டுமென்றால் அதற்குத் தவிடும் பிண்ணாக்கும் மக்காச்சோளமும் வாங்கிப் போட வேண்டும். இந்த ஊரில் விளைந்து, லாரியில் ஏறிப்போய், ஆலையில் அரைபட்டு மூட்டையாகத் திரும்பி வரும் அதே மக்காச்சோளம். மேய்ச்சல் நிலம் சுருங்கியவர்களுக்குப் பரண் மேல் ஆடு வளர்ப்பு நல்ல வழிதான். குடற்புழுத் தொல்லை குறையும், குட்டிச் சாவு குறையும். ஆனால் அடர்தீவனத்திலேயே நிற்கும் கிடாக்களுக்கு மூத்திரக் குழாயில் கல் அடைக்கும். தவிட்டிலும் தானியத்திலும் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச்சத்து குறைவு; இரண்டும் நிரவி வராவிட்டால் இந்தத் தொல்லை வரும்.

சுண்ணாம்பு இல்லாத ஊரும் இல்லை இது. பேரளி வழியாக அரியலூர் நோக்கிப் போகப் போகச் சாலையில் சிமெண்ட் லாரிகள் கூடுகின்றன, மண் வெளுக்கிறது. பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பூமி கடலுக்கடியில் கிடந்தது. காரைக்கும் கொளக்காநத்தத்துக்கும் நடுவே வெட்டவெளியில் சிப்பிகள் கல்லாகிக் கிடக்கின்றன. சாத்தனூரில் 12 கோடி ஆண்டு பழைய மரம் ஒன்று, 18 மீட்டர் நீளத்தில் கல்லாய்ப் படுத்திருக்கிறது, நிலவியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் 1940இல் அதைக் கண்டு உலகுக்குச் சொன்னார். பெரம்பலூர்ப் பக்கத்துக் கருமண் ஈரத்தைப் பிடித்து வைத்துப் பருத்தியையும் மக்காச்சோளத்தையும் வளர்க்கிறது. அரியலூர்ப் பக்கம் சுரங்கம் தோண்டிய பள்ளங்களும் சீமைக்கருவேலமும் மேய்ச்சலை விழுங்கியிருக்கின்றன. சீமைக்கருவேல நெற்று இனிப்பானது, ஆடு விரும்பித் தின்னும். விதை செரிக்காமல் புழுக்கையோடு விழுந்து அடுத்த காட்டில் முளைக்கும். மரத்தைத் திட்டிக்கொண்டே ஆட்டுக்கு நெற்று பொறுக்கிப் போடுகிறார்கள். கோடையில் வேறு வழியில்லை.

அரியலூரில் ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஒரு கறிக்கடை முன் நின்றேன். வெள்ளாடு ஒரு பக்கம், செம்மறி ஒரு பக்கம் தொங்கின. வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. செம்மறிக்குத் தோலுக்கடியில் வெள்ளைக் கொழுப்புப் போர்வை. வெள்ளாட்டுக்கு மேலே ஒன்றுமில்லை, அதன் சேமிப்பெல்லாம் குடலைச் சுற்றியும் குண்டிக்காயைச் சுற்றியும். கடைக்காரர் ஈரலையும் சுவரொட்டியையும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டே சொன்னார்: “நேத்து ராத்திரி லோடுல வந்த ஆட்டை உடனே அறுக்கமாட்டேன் சார். தண்ணி காட்டி, தழை போட்டு, நின்னு எளைப்பாறணும். இல்லாட்டி கறி கருத்துரும்.”

அறுத்த பிறகும் தசை சில மணி நேரம் வேலை செய்கிறது. அதில் சேமித்திருந்த சர்க்கரை லாக்டிக் அமிலமாகி, பிஎச் 7இலிருந்து 5.6 அளவுக்கு இறங்கும். அப்போதுதான் கறி சிவந்து, கெடாமல் நிற்கும். பட்டினியாலும் பயத்தாலும் பயண அலுப்பாலும் சர்க்கரை முன்பே தீர்ந்துவிட்ட ஆட்டில் அமிலம் ஊறுவதில்லை. கறி கருத்து, ஒட்டும் பிசுக்குமாக இருந்து, சீக்கிரம் கெடும். வருஷம் முழுக்கப் பொறுப்பாக மேய்த்தவரின் உழைப்பை ஒரே இரவு லாரிப் பயணம் இப்படிப் பாழாக்கிவிடும். அந்தக் கடைக்காரர் போல ஒரு வேளை தழை போடுகிறவரைப் பார்த்தால் மனம் நிறைகிறது.

வாங்குகிறவர்களும் ஒன்று தெரிந்துகொள்ளலாம். அறுத்த சூட்டோடு கறியை வாங்கி வந்து நேரே உறைபெட்டிக்குள் வைத்தால் அது ரப்பராகும். 1963இல் நியூசிலாந்தில் லாக்கர், ஹாக்யார்ட் என்ற இருவர் இதை விளக்கினார்கள். தசை விறைத்து அடங்குவதற்குமுன் 10 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் நார்கள் வெகுவாகச் சுருங்கி இறுகிவிடுகின்றன. மேற்கொழுப்பில்லாத வெள்ளாட்டுக்கறி விரைவில் குளிர்வதால் இதில் மாட்டிக்கொள்வது இன்னும் அதிகம். உடனே சமைத்துவிடலாம்; இல்லையென்றால் சில மணி நேரம் மிதமான குளிர்ச்சியில் ஆறவிட்டுப் பிறகு உறையவைக்கலாம். கறி கெட்டி என்று ஆட்டையும் கடைக்காரரையும் குறை சொல்லும் வீடுகளில் குற்றம் பலநேரம் இந்த இடத்தில் இருக்கிறது.

ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் நிலம் சிவந்து முந்திரித்தோப்பாகிறது. தோப்புக்குள் வெள்ளாடுகள். செம்மறி தலை குனிந்து புல் தேடும். வெள்ளாடு முன்கால் தூக்கித் தழையை எட்டும். துவர்ப்பான தழையைத் தாங்க அதற்கு எச்சிலிலேயே ஏற்பாடு இருக்கிறது, டானினைப் பிடித்துக் கட்டும் புரதங்கள். அளவான டானின் நல்லதும் செய்கிறது. தீனிப் புரதத்தை ரூமனில் முழுக்க உடையவிடாமல் காத்துக் குடலுக்கு அனுப்புகிறது, குடற்புழுவையும் ஓரளவு அடக்குகிறது. வேலந்தழை தின்னும் ஆட்டுக்குப் பூச்சி குறைவு என்று மேய்ப்பவர்கள் சொல்வதில் பொருளிருக்கிறது.

வேலியோரம் சவுண்டல் என்கிற சூபாபுல் நின்றது. அதன் தழையில் மைமோசின் என்ற நஞ்சு உண்டு. ஆஸ்திரேலிய மாடுகள் அதைத் தின்று மயிர் உதிர்ந்து மெலிந்தபோது, ஹவாய்த் தீவு ஆடுகள் அதையே தின்று நலமாக இருந்ததை ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் கண்டார். வேறுபாடு ஆட்டின் மரபில் இல்லை. அதன் ரூமனில் குடியிருந்த ஒரு பாக்டீரியாவில் இருந்தது. 1980களில் அந்த ரூமன் நீரை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோய் மாடுகளுக்குப் புகட்டினார்கள். மாடுகள் தேறின, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அந்தப் பாக்டீரியா தானாகப் பரவியது. 1992இல் அதற்கு ஜோன்ஸின் பெயரையே வைத்தார்கள். தீனி, மரபு என்று இரண்டாகப் பிரித்துப் பேசுகிறவர்களுக்கு இந்த மூன்றாவது ஆளை நினைவுபடுத்தத்தான் இதைச் சொல்கிறேன். ஓர் இனம் அழியும்போது அதன் வயிற்றுக்குள் தலைமுறைகளாகப் பழகிய கூட்டமும் கலைகிறது.

ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில்தான் கங்கைகொண்ட சோழபுரம். சோழர் கல்வெட்டுகளில் கோயிலுக்கு ஒரு நந்தாவிளக்கு வைக்க விரும்பியவர் 96 ஆடு கொடுத்த செய்தி மறுபடி மறுபடி வருகிறது. ஆட்டைப் பெற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். செத்ததற்கு ஈடாகப் பிறந்ததைச் சேர்த்து எண்ணிக்கை குறையாமல் காக்க வேண்டும். ‘சாவா மூவாப் பேராடு’ என்று அதற்குப் பெயர். அந்த மந்தையைக் காத்தவர்கள் ஆட்டை வருஷத்துக்கு வருஷம் நிலைத்து நிற்கும் முதலாகப் பார்த்தார்கள். நாம் தராசில் வைத்துப் பார்க்கிறோம்.

தராசை மட்டும் பார்த்த கதை ஒன்று அமெரிக்காவில் நடந்தது. 1983இல் ஓக்லஹோமாவில் பிறந்த ஒரு செம்மறிக் கிடாவுக்குப் பின்தொடை அசாதாரணமாகப் பருத்திருந்தது. ‘சாலிட் கோல்டு’ என்று பெயரிட்டு அதன் வம்சத்தைப் பெருக்கினார்கள். தகப்பன் வழியாக மட்டும் இறங்கும் விசித்திரமான மரபணு மாற்றம் அது. தீனிச் செலவு குறைவு, கறி அதிகம், கொழுப்பு குறைவு. வெட்டிச் சமைத்தபோது முதுகுக்கறி மெல்ல முடியாத அளவு கெட்டியாக இருந்தது. தசையைப் பருக்க வைத்த அதே மாற்றம், அறுத்த பின் தசையை இளக்கவேண்டிய நொதிகளையும் தடுத்துவிட்டது. சந்தையில் அந்த ஆடு நிற்கவில்லை.

அரசும் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும் கருங்குறும்பைக்குச் செய்யவேண்டியது ஒன்று உண்டு: கருப்புக் கூட்டம் வைத்திருப்பவருக்குக் கருப்புக் கிடா கிடைக்க வேண்டும். மேச்சேரிக்குப் பொட்டனேரியில் ஆராய்ச்சி நிலையம் 1978 முதல் இருக்கிறது. நல்ல கிடா வேண்டுமென்றால் அங்கே போய்க் கேட்கலாம். அப்படிக் கேட்டுப்போக ஓர் இடம் இந்த மாவட்டங்களின் மேய்ப்பருக்கும் வேண்டும். கறிக்கடைப் பலகையில் வெள்ளாடு, செம்மறி என்பதோடு இனத்தின் பெயரையும் எழுதலாம். மேய்ந்து வளர்ந்த சிறிய ஆட்டின் கறிக்குக் கூடுதல் விலை கொடுக்க ஆள் இருக்கிறார்கள். எது அது என்று தெரிய வழியில்லாமல்தான் நிற்கிறார்கள்.

திரும்பும் வழியில் செட்டிக்குளத்துப் பெரியவரிடம் மறுபடி போனேன். கிடாக்குட்டிகளைக் காயடித்து விற்பனைக்குப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒன்றை மட்டும் தொடாமல் விட்டிருந்தார், கொம்பு இப்போதுதான் அரும்பிய கருப்புக் குட்டி. கூட்டத்தில் அதைவிடக் கனத்தவை இரண்டு மூன்று நின்றன.

“பெருசை வுட்டுட்டு இதை ஏன் ஐயா வெச்சிருக்கீங்க?”

“இதோட தாயி மூணு கோடை தாண்டுனவ. மூணு கோடையிலயும் ஈனுனா, குட்டிக்குப் பால் கொறையல. அந்தப் பெருசோட தாயிக்கு மாசி முடிஞ்சா நான் தீவனம் வாங்கணும் தம்பி.”